மடியில் வளரும் பொமரேனியன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நன்றிக்கு நாயைச் சொல்வது நம் வழக்கம். ஆனால் வாசலில் காவல் நிற்கும் நாய்க்கும் மடியில் வளரும் நாய்க்கும் வளர்ப்பு முறை வேறு. இதை வகுப்பறையில் படிக்கும் முன்பே, சேர்வராயன் மலையில் ஒரு மார்கழிக் காலையில் நான் அறிந்துகொண்டேன்.

என் தந்தையார் ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளி. நான்கு ஆண்டுகளுக்கு முன், தோட்டத்துப் பங்களாவில் வளர்ந்த பொமரேனியன் ஈன்ற குட்டி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். வயது இரண்டு மாதம். ஊர் நாய்க்கு வைப்பதுபோல் இரவில் ஒரு வேளை சோறு வைத்து, திண்ணையில் சாக்கு விரித்துப் படுக்க விட்டோம். மூன்றாம் நாள் விடியலில் அது துவண்டு கிடந்தது. பனியில் விறைத்துவிட்டது என்று தாயார் துணியில் சுற்றி அடுப்பருகே வைத்தார். கால்நடை மருத்துவரோ, "குளிர் மட்டுமல்ல, பசியும்தான். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது" என்றார். குளுக்கோஸ் ஏற்றிய பின் மதியத்திற்குள் வாலை ஆட்டியது.

இதன் காரணத்தைக் கணக்கால் காண்போம். பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 600 ச.செ.மீ.; கன அளவு 1,000 க.செ.மீ. பக்கம் 20 செ.மீ. ஆனால் பரப்பு 2,400; கன அளவு 8,000. அதாவது, சிறியதற்குத் தன் கன அளவை நோக்கப் பரப்பு இரு மடங்கு. உடல் வெப்பம் பரப்பின் வழியே வெளியேறுகிறது. ஆகவே சிறிய உடல் விரைவில் குளிர்கிறது. வெப்பத்தைக் காக்க அடிக்கடி உணவு வேண்டும். குட்டியின் ஈரலிலோ சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு.

பால்டிக் கடலோரப் பொமரேனியாப் பகுதியே இவ்வினத்திற்குப் பெயர் தந்தது. அக்கால நாய்கள் பெரியவை. 1888இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து விக்டோரியா மகாராணி கொண்டுவந்த மார்கோ என்னும் நாய்க்குப் பின், சிறிய நாய்களுக்கு இங்கிலாந்தில் மதிப்பு ஏறியது. இன்று இதன் எடை ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ. நம் ஊர்களில் பொமரேனியன் எனப்படுபவற்றுள் பல, சற்றுப் பெரிய இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தவை.

இனி வளர்ப்பு முறை. மூன்று, நான்கு மாதம் வரை குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை உணவு தேவை. துவண்டால் ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக்குழல் மென்மையானது, கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுக்காமல், மார்புப் பட்டை போடுவது நன்று. முழங்கால் சில்லு எளிதில் நழுவும். கட்டிலிலிருந்து குதிக்க விடலாகாது. சிறிய தாடையில் 42 பற்கள் நெருங்குவதால் பல் துலக்கிவிட வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நஞ்சு.

உடலில் இரட்டை அடுக்கு ரோமம் உண்டு. கோடையில் அதை மழித்துவிடுவது தவறு. வெயிலைத் தடுப்பதும் அதுவே. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; இரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. எனவே ஏற்காட்டில் வளர்ந்த நாயைச் சித்திரை வெயிலில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறக்கிச் சேலத்திற்குக் கொண்டுவருவோர், நிழலும் நீரும் தராமல் தகரக் கொட்டகையில் கட்டினால் அது உயிருக்கே ஆபத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இந்தக் கணக்கைத் தாயாரிடம் விளக்கினேன். "அன்னிக்கு டாக்டர் சொன்னது உன் புத்தகத்துலயும் இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது. நண்பர்களே, அழகுக்காக நாயை வாங்குமுன் அதன் அளவை அறிந்துகொள்வோமாக!