வெளிறிப்போன ஒரு சொல்

ஒரு நாள் ஆங்கில வகுப்பில் பாடத்தை உரக்க வாசிக்கும் முறை எனக்கு வந்தது. நோயுற்ற சிறுமி ஒருத்தியின் முகத்தை வருணிக்கும் இடத்தில் மூன்றே எழுத்துக்கள் கொண்ட சொல் ஒன்று இருந்தது. அதை 'வேன்' என்று வாசித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. "வேன் அல்ல, வான். அன்னத்தைக் குறிக்கும் 'ஸ்வான்' போல ஒலிக்க வேண்டும். வெளிறிய என்பது பொருள்" என்று சிஸ்டர் திருத்தினார்கள். சிரிப்பு அடங்கியது, அச்சொல்லோ என்னை விடவில்லை. நூலகத்திற்குச் சென்று பெரிய அகராதியைப் புரட்டினேன்.

என்ன வியப்பு! பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'இருண்ட' என்று பொருளாம். ஏறக்குறைய 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த ஏட்டுப்படியில் கிடைத்துள்ள 'பேயோவுல்ஃப்' காவியத்தில் அண்டங்காக்கைக்கு இது அடைமொழியாக வருகிறது. கருமையைக் குறித்த சொல் வெளிறலைக் குறிக்க வந்தது எப்படி?

அச்சொல்லின் உள்ளே இருந்தது நிறம் மட்டுமன்று, ஒளியின்மையும்தான். இரவுக்கும் ஒளியில்லை, நோயாளியின் முகத்திலும் ஒளியில்லை. ஆகவே பிற்காலத்தில் ஈயம் போல் மங்கிய முகத்திற்கும் இச்சொல் வழங்கியது. நாளடைவில் 'வெளிறிய' என்ற பொருளே நிலைத்தது. இதே பொருளுடைய 'பேல்' என்ற சொல்லோ வந்தேறி. லத்தீனில் பிறந்து, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் பிரெஞ்சு வழியாகப் புகுந்தது.

தோழியரே, இதை அறிந்தபோது என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பல மாதங்களாக அம்மா மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவார்கள். கறுத்த மேனியாதலால் முகம் வெளுத்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. முகத்தின் பொலிவு குறைந்ததைக் கண்டும், வேலைக் களைப்பு என்றிருந்துவிட்டோம். மருத்துவர் கீழிமையை மெல்லத் தாழ்த்தி உட்புறத்தைப் பார்த்தார், நகங்களையும் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடங்கள் வெளிறியிருந்தன. இரத்தப் பரிசோதனையில் இரத்த சோகை என்று தெரிந்தது. இரும்புச் சத்து மாத்திரைகளால் அம்மா தேறிவிட்டார்கள்.

நம் போன்றோர் முகம் பளிச்சென்று வெளுத்துக் காட்டாது. ஒளி மங்கியே காட்டும். அதற்கு இச்சொல்லின் பழம்பொருளே பொருத்தமானது. இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் அம்மாவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி