ஃபிரட்டர்னிட்டி: அரட்டைக் குழு செய்யாத வேலை

அமெரிக்கக் கல்லூரிகளின் ஆண் மாணவர் சங்கங்களான ஃபிரட்டர்னிட்டிகள், 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா காப்பாவைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடுகின்றன. ஒரு கல்லூரியில் இயங்கும் கிளைக்குச் சாப்டர் என்று பெயர். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பிரதர். செமஸ்டர் தொடக்கத்தில் களைகட்டும் சாப்டர்கள், அக்டோபரில் இடைத்தேர்வுகள் வந்ததும் வெறிச்சோடிவிடுகின்றன. அப்போது பொறுப்பாளர்கள் தவறாமல் சொல்லிக்கொள்ளும் சமாதானம் ஒன்று உண்டு: எல்லாரும் குரூப்மீ செயலியில் இருக்கிறார்கள், தொடர்பு எங்கே விட்டுப்போகும்?

அங்கேதான் விட்டுப்போகிறது. எண்பது பேர் கொண்ட குழுவில், சனிக்கிழமை கார் கழுவி நிதி திரட்ட யார் வருகிறீர்கள் என்று ஒருவர் கேட்பார். மளமளவென்று இதயக் குறிகள் விழும். சனிக்கிழமை காலையில் வாளியும் குழாயுமாக நிற்பது மூன்றே பேர். இதில் வியக்க ஒன்றுமில்லை. பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், அறைக்குள் புகை நுழைந்தபோது தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். மும்மூன்று பேராக உட்கார்ந்திருந்த குழுக்களிலோ 38 சதவீதத்தில்தான் யாராவது ஒருவர் எழுந்தார். எல்லாரிடமும் கேட்பது யாரிடமும் கேட்காததற்குச் சமம். உளவியலில் முதலாண்டுப் பாடமான இது சாப்டர் செயலாளர்களுக்கு மட்டும் ஏனோ எட்டுவதில்லை. பெயர் சொல்லி ஒருவரைக் கேட்டால் அவர் வருவார், அல்லது வர முடியாது என்றாவது சொல்வார்.

நட்புக்கு நேரம் வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாகப் பலன் தரவில்லை. சும்மா கூடிக் களித்த நேரமே பலன் தந்தது. பள்ளி முடித்துப் பிரிந்த பிரிட்டிஷ் இளைஞர்களைச் சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும் 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்களின் நட்பைத் தேயாமல் காத்தது பேச்சல்ல, சேர்ந்து எதையாவது செய்தது. ஆண்கள் மட்டுமே சேரும் சங்கங்கள் இதையாவது படித்திருக்க வேண்டும்.

நேரமில்லை என்ற சாக்கும் எடுபடாது. எவ்வளவு நெருக்கடியான வாரத்திலும் யாரும் சாப்பிடாமல் இருப்பதில்லை. தட்டை அறைக்கு எடுத்துப்போய் மடிக்கணினி முன் விழுங்கும் வழக்கத்தை நிறுத்தி, வாரத்தில் இரண்டு இரவாவது ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். அடிக்கடி பிறரோடு சேர்ந்து உண்பவர்களுக்கு நம்பிச் சாயத் தோள்கள் அதிகம் என்பது டன்பார் 2017-இல் கண்டது. புதிய டி-சட்டை அச்சிடும் பணத்தைச் சமையல்காரருக்குக் கொடுப்பது மேல்.

வாராந்தரக் கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் போட்டால் ஒற்றுமை வளரும் என்பது இன்னொரு நம்பிக்கை. வளர்வது வருகைப் பதிவேடு.

சாப்டரில் நேரம் செலவிட்டால் மதிப்பெண் குறையும் என்ற பயத்தை முழுப் பொய் என்று தள்ள முடியாது. யூனியன் கல்லூரிப் பொருளியலாளர்கள் முன்னாள் மாணவர்களை ஆராய்ந்து, ஃபிரட்டர்னிட்டியில் உறுப்பினராவது சராசரி மதிப்பெண்ணை நான்கு புள்ளி அளவுகோலில் ஏறக்குறைய 0.25 குறைப்பதாகவும், பிற்கால வருமானத்தை 36 சதவீதம் அளவுக்குக் கூட்டுவதாகவும் மதிப்பிட்டார்கள். அதற்காகச் செமஸ்டர் நடுவில் ஒதுங்கிக்கொள்வதை விட, நூலகத்தில் ஒரே மேசையைப் பிடித்துச் சேர்ந்து படிப்பது புத்திசாலித்தனம்.

புதியவர்களை வதைத்தால் பிணைப்பு இறுகும் என்பது பழைய பிதற்றல். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற ஃபிரட்டர்னிட்டி, புதியவர்களைச் சோதனைக் காலத்தில் வைக்கும் பிளெட்ஜ் முறையையே 2014-இல் கைவிட்டது. கல்லூரிகளில் நடக்கும் வதைக்கு எதிராக 2024-இல் கூட்டாட்சிச் சட்டமும் வந்துவிட்டது.

பட்டம் வாங்கியதும் உறவு முடியும் என்பதும் தவறு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1906-இல் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் பட்டதாரிகளுக்கென்றே சாப்டர்கள் உண்டு. வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகும் மாணவர் அங்கிருந்து ஒருவரைச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்கலாம். நேரில் கூப்பிட்டால் பெரும்பாலும் வருவார்கள்.