எலிகள் புகட்டும் பாடம்

பசியை அறியாதார் எவருமிலர். அப்பசியை மருந்தினால் அடக்கினால் என்ன நிகழும் என்பதை நாம் ஆராய்வோம்.

ஆம்ஃபெட்டமின் நரம்புகளைத் தூண்டும் மருந்தாகும். 1887இல் பெர்லினில் எடெலியானு என்ற வேதியியலார் இதனை முதன்முதலில் தயாரித்தார். பிற்காலத்தில் உடல் மெலிய விரும்பியோருக்கும் இது அளிக்கப்பட்டது.

இம்மருந்து செலுத்தப்பட்ட எலி, உணவு அருகிலிருந்தும் உண்ணத் தொடங்கத் தாமதிக்கிறது. தொடங்கியபின்னோ விரைந்து உண்கிறது! எனவே அதன் வயிறு நிறைந்துவிடவில்லை. உண்ணும் வேளை தள்ளிப்போயிற்று, அவ்வளவே. மருந்தின் அளவு மிகுந்தால், எலி ஓயாது மோப்பம் பிடித்துத் தலையை அசைத்துக்கொண்டே இருக்கும்.

1971இல் கார்ல்டன், வோல்ஜின் என்போர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு சாரார் எலிகளுக்குப் பால் வைக்குமுன்னும், மறு சாராருக்குப் பால் குடித்தபின்னும் மருந்து கொடுத்தனர். முதற் சாரார் தொடக்கத்தில் பாலைக் குறைத்துக் குடித்தன. நாளடைவில் பழையபடி குடிக்கலாயின. மறு சாராருக்குப் பின்னர் பாலுக்கு முன்னே மருந்து கொடுத்தபோது, அவை புதிதாக மருந்துண்டவை போலப் பாலைக் குறைத்தன. ஆகவே மருந்து உடலில் சேர்ந்தது மட்டும் காரணமன்று. மருந்தின் பிடியிலும் உண்ண முதற் சாரார் பழகிக்கொண்டன என்பது புலனாகிறது.

மனிதரிடத்தும் இதன் பலன் நாளடைவில் குறைகிறது. அளவைக் கூட்டினாலோ உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, அடிமைப்பழக்கம் ஆகியவை நேரிடலாம். மெலிவே அழகென்றெண்ணி உணவைத் துறக்கும் தோழியர் நம்மிடையேயும் உண்டு. மருத்துவர் சொல்லாத மாத்திரையை நாம் தொடாதிருப்போம்; பசித்தபோது அளவோடு உண்போம்.