கிரேக்கப் புராணப் பெயரா? கதையையும் படித்துவிடுங்கள்

பெண் குழந்தைக்குக் கிரேக்கப் புராணப் பெயர் வைக்க நினைப்பவர்கள் ஓசையையும் பொருளையும் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் பாத்திரம் என்ன செய்தது என்பதையும் படிக்க வேண்டும். பெயர்ப் பட்டியல்கள் 'பாண்டோரா'வுக்கு 'எல்லா வரங்களும் பெற்றவள்' என்று பொருள் தரும். ஆனால் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடிய கதையில், ஜாடியைத் திறந்து துன்பங்களை உலகில் பரவவிட்டவள் அவள். கசாண்ட்ரா உண்மையையே முன்கூட்டிச் சொன்னாள்; அப்போலோவின் சாபத்தால் யாரும் நம்பவில்லை.

பழங்கதையை இன்று யார் நினைக்கிறார்கள் என்று கேட்கலாம். மற்றவர்கள் மறக்கலாம், படிக்கத் தெரிந்ததும் உங்கள் மகள் தன் பெயரைத்தான் முதலில் தேடுவாள். சோகம் இல்லாத கிரேக்கக் கதை ஏது என்பது இன்னும் வலுவான கேள்வி. உண்மைதான். அதனால் கதைநாயகிக்கு நேர்ந்ததை விட, அவள் செய்ததை எடைபோடுங்கள். பெனலோபி கணவனுக்காக 20 ஆண்டுகள் காத்திருந்தாள்; பகலில் நெய்த துணியை இரவில் பிரித்தே, மணம்பேச வந்தவர்களை 3 ஆண்டுகள் ஏமாற்றினாள். துயரம் உண்டு, கூர்மதியும் உண்டு. பிறந்ததும் காட்டில் விடப்பட்ட அட்டலாண்டா, ஆண்களை ஓட்டத்தில் வென்றாள். சோகமே வேண்டாம் என்பவர்களுக்கு ஐரிஸ் இருக்கிறாள்: வானவில்லின் தேவதை, கடவுளரின் தூதுவள்.

ஒரே பாத்திரத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. முடிவெடுக்கும் முன் இரண்டையாவது படித்துப் பாருங்கள்.