பணி நாயும் காட்சி நாயும்

ஓர் இனத்தின் பெயர் மாறாதிருக்க, அவ்வினத்தின் குணம் மட்டும் மாறிவிடுதல் உண்டு. நெல் பயிரிடுவோர் இதனை நன்கு அறிவர். பொறுக்கு விதை எடுக்காமல் சில ஆண்டுகள் விதைத்து வந்தால், மூட்டையின் மேல் எழுதிய பெயர் பழையதாகவே இருக்கும். வயலில் நிற்கும் கதிர் பழையதாக இராது. நாய் வளர்ப்பிலும் இவ்விதியே செல்லும். நூற்றாண்டுக் கணக்கில் வேட்டைக்கென வளர்க்கப்பெற்ற இனங்கள் பல, காட்சிக் களத்துக்கெனவும் பணிக்களத்துக்கெனவும் இரு கால்வழிகளாகப் பிரிந்துள்ளன. இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது, தமிழ்நாட்டு நாயினங்களை அது எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பவை கால்நடைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறியத்தக்கவை.

பிரிவின் வரலாறு

துப்பாக்கி வேட்டைக்குத் துணை நிற்கும் நாய்கள் மேனாட்டில் தனித் தொகுதியாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் பாயிண்டர், செட்டர் ஆகியவை புதரில் பதுங்கிய பறவையை மோப்பத்தால் கண்டு, அசையாது நின்று இடத்தைக் காட்டும். ஸ்பேனியல் பறவையைக் கிளப்பிவிடும். ரிட்ரீவர் சுடப்பட்ட பறவையைக் கடித்துக் குதறாமல் கவ்விக் கொணரும். இவை அனைத்தும் பயிற்சியால் மட்டும் வருவன அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தமையால் குருதியில் ஊறிய இயல்புகள்.

1859-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் நாய்க் காட்சி ஒன்று நடைபெற்றது. முறையாக நடந்த முதல் நாய்க் காட்சியாக அது குறிப்பிடப்படுகிறது. பாயிண்டர், செட்டர் ஆகிய இரு வகைகளே அதில் இடம்பெற்றன. வென்றோர்க்குத் துப்பாக்கிகள் பரிசளிக்கப்பெற்றன. எனினும் அங்கே நாயின் வேட்டைத் திறன் சோதிக்கப்படவில்லை, உருவமே மதிப்பிடப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1865-இல், பெட்ஃபோர்டுஷயரைச் சேர்ந்த சவுத்தில் என்னுமிடத்தில் வேட்டைத் திறன் போட்டி முதன்முதலாக நிகழ்ந்தது. ஒரே வகை நாய்களுக்கு இவ்வாறு இரண்டு அளவுகோல்கள் ஏற்பட்டன.

தொடக்கத்தில் ஒரே நாய் இரு களங்களிலும் வெல்ல முடிந்தது. அவ்வாறு வென்ற நாய் 'இரட்டை வாகையர்' எனப்பட்டது. நாளடைவில் இத்தகைய நாய்கள் அருகிப் போயின. இன்று ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் இனத்தின் காட்சிக் கால்வழி நாயையும் பணிக் கால்வழி நாயையும் அருகருகே நிறுத்தினால், புதியவர் அவற்றை இரு வேறு இனங்கள் என்றே எண்ணக்கூடும். முன்னதற்கு உடல் கனமானது, செவி நீண்டது, உரோமம் மிகுந்தது. பின்னது இலேசான உடலும் குட்டையான செவியும் ஓயாத சுறுசுறுப்பும் கொண்டது.

காரணம் யாது?

காட்சியில் கலந்துகொள்வதால் எந்த நாயும் தன் திறனை இழப்பதில்லை. அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக எந்த நாய் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதே காரணம். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகள் உள்ளன எனக் கொள்வோம். விரும்பிய நிறம் அவற்றுள் பாதிக்கு வாய்க்கிறது; நான்கு எஞ்சும். விரும்பிய தலையமைப்பு அந்நான்கில் பாதிக்கு வாய்க்கிறது, இரண்டு எஞ்சும். இனி ஓட்டம், மோப்பம், செவிப்புலன், துணிவு ஆகிய அனைத்தையும் அவ்விரண்டிலேயே தேட வேண்டும். ஒதுக்கப்பட்ட ஆறனுள் மிகச் சிறந்த பணி நாய் இருந்திருக்கலாம். அதன் வழி அற்றுப் போகிறது. தேர்வுக்கு உட்படாத குணத்தைக் காக்கும் வேலி எதுவும் இல்லை. அது சில தலைமுறைகளில் தளர்ந்துவிடும்.

இக்குறை காட்சிக் கால்வழிக்கு மட்டும் உரியதன்று. போட்டி வெற்றியை மட்டும் நாடிப் பணிக் கால்வழியை வளர்த்தால், வீட்டில் அமைதியாக இருக்க மாட்டாத நாய்கள் தோன்றக்கூடும். மேலும், ஒரே நோக்குடைய தேர்வு எல்லா இனங்களிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. 2016-இல் ஸ்வீடன் நாட்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் ஆகிய இரு இனங்களையும் ஆராய்ந்தது. இரண்டிலும் வேட்டைக் கால்வழி நாய்கள் பிறவற்றினின்றும் குணத்தில் வேறுபட்டன. ஆனால் அவ்வேறுபாடுகள் இரண்டிலும் ஒரே வகையாக அமையவில்லை.

அந்தமான் தரும் சான்று

இதற்கு மறுபுறமான சான்றொன்று அந்தமான் தீவுகளில் உண்டு. இன்று ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரில், 1858-ஆம் ஆண்டு தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது. அதுவரை அந்தமான் பழங்குடியினரிடம் நாய் இல்லை. வில்லும் அம்பும் கொண்டு, நாயின் துணையின்றியே அவர்கள் காட்டுப்பன்றியை வேட்டையாடினர். குடியேறியவர்களோடு வந்த நாய்களை அவர்கள் விரைவில் ஏற்றுக்கொண்டு பன்றி வேட்டைக்குப் பழக்கினர். பின்னர் சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே மக்களிடமும் நாய் வேட்டைத் துணையாயிற்று. அந்நாய்களுக்கு இனப்பெயர் இல்லை, வம்சப் பதிவேடு இல்லை, காட்சியும் இல்லை. பன்றியைத் தேடிக் காட்டுவதிலேயே அவற்றின் மதிப்பு இருந்தது. பெயரின்றியும் பணி நிலைபெறக்கூடும் என்பதற்கு இவை சான்று. பணியின்றிப் பெயர் மட்டும் நிலைபெறக்கூடும் என்பதையே மேனாட்டு வரலாறு காட்டுகிறது.

தமிழ்நாட்டு வேட்டை நாய்கள்

தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாயினங்கள் துப்பாக்கி வேட்டைக்கென உருவானவை அல்ல. அவை இரையைத் துரத்திப் பிடிப்பவை அல்லது மறித்து நிறுத்துபவை. விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரால் வழங்கும் இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டனுள், முன்னது காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும், பின்னது முயல் வேட்டைக்கும் பெயர் பெற்றவை. கன்னி நாய், ஒல்லியான உடலும் விரைந்த ஓட்டமும் உடையது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் பன்றி வேட்டையில் துணிவுக்குப் பெயர் போனது. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம், இராஜபாளையம், சிப்பிப்பாறை, கருநாடகத்து முதோள் ஆகிய மூன்றையும் 2020-இல் நாயினங்களாகப் பதிவு செய்தது.

இவற்றின் பழம்பணி இன்று சட்டத்துக்கு உட்பட்டதன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடை செய்தன. காட்டு விலங்குகளைக் காக்க இத்தடை இன்றியமையாதது. ஆனால் வேட்டை நின்றபோது, நாய்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய அளவுகோலும் உடன் நின்றுவிட்டது. அவ்விடத்தை நிறமும் மூக்கும் உயரமும் நிரப்பலாயின.

வெண்மையும் செவியும்

இராஜபாளையம் நாயில் தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் பெரிதும் விரும்பப்படுகின்றன. நிறம் கலந்த குட்டிகளை ஒதுக்குவது பழைய வழக்கம். இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் வளர்ப்போர் அறிந்த குறையே. இவ்விரண்டையும் தொடர்பற்றவை எனக் கருதுதல் தவறு.

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் உள்ளன. ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் உயிர்வாழத் தேவையான நீர்மச் சமநிலையை அவை காக்கின்றன. மிகுந்த வெண்மையைத் தரும் சில மரபணுக்கள், இவ்வுயிரணுக்கள் உட்செவியைச் சென்றடையாதபடி தடுத்துவிடுகின்றன. அந்நிலையில், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் நுண்மயிர் உயிரணுக்கள் அழிகின்றன. பின்னர் எம்மருந்தாலும் செவிப்புலனை மீட்க இயலாது.

டால்மேஷியன் இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட அவ்வின நாய்களுள் சுமார் 30 விழுக்காடு ஒரு செவியிலேனும் கேட்கும் திறன் அற்றவை. பிறக்கும்போதே பெரிய கருந்திட்டு உடைய குட்டிகளிடம் இக்குறை அருகியே காணப்படுகிறது. ஆயினும் காட்சி விதிகள் திட்டுடைய நாயை ஏற்பதில்லை. நல்ல செவியுடைய குட்டி, அழகு விதியால் ஒதுக்கப்படுகிறது.

காவல் நாய்க்குச் செவியே முதற்கருவி. செவிடான நாய் திருடன் வரும் ஓசையை அறியாது. உரிமையாளர் அழைப்பையும் கேளாது. உறங்கும்போது குழந்தை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். இத்தகைய குட்டியை விலை கொடுத்து வாங்கிய குடும்பம் அதனைத் தெருவில் விட்டுவிடுதலும் உண்டு. ஆகவே இக்கேள்வி அழகைப் பற்றியது மட்டுமன்று.

செய்யத்தக்கவை

அழகும் பணியும் ஒருசேர நிலைபெற முடியாதவை அல்ல. ஜெர்மனியில் டிராட்ஹார் என்னும் கம்பிமயிர் வேட்டை நாயைக் காக்கும் சங்கம், வேட்டைத் திறன் சோதனையிலும் உடலமைப்புச் சோதனையிலும் தேறிய நாய்களையே இனவிருத்திக்கு அனுமதிக்கிறது. பழைய பணி போனால் புதிய பணியை அளவுகோலாகக் கொள்வதும் இயலும். முதோள் நாய்கள் 2016-இல் மீரட்டிலுள்ள இராணுவப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. களப்பணியாளர், வளர்ப்போருக்குப் பின்வருவனவற்றை எடுத்துரைக்கலாம்.

1. ஒவ்வொரு ஈற்றுக்கும் தாய், தந்தை, பிறந்த நாள், குட்டிகளின் எண்ணிக்கை, நிறம், குறை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக. ஒதுக்கிய குட்டிகளையும் மறைக்காமல் குறிக்க வேண்டும்.

2. ஐந்து வார வயதுக்குப் பின் செவிப்புலனைச் சோதிக்க. நாய் காணாதவாறும், காற்றின் அதிர்வு படாதவாறும் பின்புறமிருந்து ஓசை எழுப்பிப் பார்க்கலாம். ஒரு செவி மட்டும் கேளாத நாயை இம்முறையால் கண்டறிய முடியாது. செவியில் ஒலி செலுத்தி மூளையின் மின்னதிர்வைப் பதிவு செய்யும் சோதனையே உறுதியானது.

3. ஒரு செவி மட்டும் கேளாத நாய் இயல்பாகவே நடமாடும். ஆயினும் அதனை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது.

4. நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்க. ஒரு தாய் தந்தைக்குப் பிறந்த இரண்டைச் சேர்த்தால், குட்டிகளின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. தாயோ தந்தையோ மட்டும் ஒன்றாயின் 12.5, ஒன்றுவிட்ட உடன்பிறப்பாயின் 6.25. புகழ்பெற்ற ஒரே ஆண் நாயை ஊர் முழுதும் பயன்படுத்துவதும் இத்தீமைக்கே வழி செய்யும்.

5. உயிருள்ள இரைக்கு மாற்றாக, இழுத்துச் செல்லப்படும் துணியைத் துரத்தச் செய்து ஓட்டத்தையும் மூச்சுத் திறனையும் அளக்கலாம். காவல் விழிப்பும் அழைப்புக்கு இணங்குதலும் அவ்வாறே அளக்கத்தக்கவை.

இனத்தைக் காப்பது என்பது, அதன் நிறத்தை மட்டும் காப்பதன்று. எந்தக் குணத்துக்காக முன்னோர் அதனைப் போற்றினரோ, அந்தக் குணத்தை ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் சோதித்துத் தேர்ந்தெடுத்தலே உண்மையான பாதுகாப்பாகும்.

மாணவர்க்குரிய பயிற்சி

1. ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகள் உள்ளன. மூன்று தகுதிகளும் ஒன்றையொன்று சாராமல் பாதிப் பாதிக் குட்டிகளுக்கு வாய்ப்பின், மூன்றும் ஒருங்கே உடைய குட்டிகள் எத்தனை எதிர்பார்க்கலாம்? தகுதிகள் நான்காயின் எத்தனை ஈறுகள் தேவைப்படும்?

2. டெய்ரி ஃபார்ம் போன்ற நகர்ப் பகுதியாயினும் சிற்றூராயினும், மாணவர் தம் தெருவில் வளர்ப்பு நாய் உள்ள பத்து வீடுகளில், அந்நாயை எக்குணத்துக்காகத் தேர்ந்தெடுத்தனர் எனக் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றுள் உருவத்தைச் சார்ந்தவை எத்தனை, பணியைச் சார்ந்தவை எத்தனை?

3. விதை நெல் பொறுக்குதலுக்கும் நாய்க்குட்டி தேர்ந்தெடுத்தலுக்கும் உள்ள ஒற்றுமை இரண்டையும் வேற்றுமை இரண்டையும் எழுதுக.