ஊருக்கு ஓர் எழுத்து வட்டம்



நம் பிள்ளைகளில் சிலர் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கவிதையும் கதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துக் கருத்துச் சொல்ல ஆளில்லாததால் அவை அங்கேயே கிடக்கின்றன. நம்மூர் தறி வாழ்க்கை, வளைகுடா போனவர்களின் பிரிவு, நம் பெண்களின் அனுபவம் ஆகியவையும் எழுதப்படாமலே மறைந்துகொண்டிருக்கின்றன. இதற்கு ஓர் எழுத்து வட்டம் தேவை.

நெல்லைச் சீமைக்கு இது புதிதல்ல. ரசிகமணி டி.கே.சி. தம் திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் நடத்திய 'வட்டத்தொட்டி'யில் ஒரே பாட்டை எடுத்து, நிறுத்தி நிதானமாகப் படித்துப் பேசினார்கள். கோவில்பட்டி அருகே இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் டி.கே.சி.யிடம் பழகி ரசனையை வளர்த்துக்கொண்டவர்கள். பின்னாளில் இருவர் நூல்களுக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நன்றாகக் கேட்கும் கூட்டத்திலிருந்துதான் நன்றாக எழுதுபவர்கள் வருகிறார்கள்.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. எட்டுப் பத்துப் பேர், மாதம் இருமுறை, மாறாத ஒரு நாள், அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரம் போதும். ஒரு கூட்டத்தில் இருவர் மட்டும் படிக்கட்டும். முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். படித்தவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். மற்றவர்கள் முதலில் மனதில் நின்ற இடத்தையும், பிறகு புரியாத இடத்தையும் சொல்ல வேண்டும். 'அருமை' என்று மட்டும் சொன்னால் எழுதியவருக்குப் பயனில்லை. ஆளைக் குறை சொன்னால் அடுத்த முறை வரமாட்டார். நடத்தும் பொறுப்பு முறைவைத்து மாறட்டும். பொன்னாடையும் வாழ்த்துரையும் நுழைந்தால் எழுத்து வெளியேறிவிடும். பெண்களுக்குத் தனி அமர்வு வசதியென்றால் அதற்கும் ஏற்பாடு செய்யலாம்.

குடும்ப விஷயம் வெளியே போகுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது நியாயமானதே. வட்டத்தில் கேட்டது அமானிதம். வெளியே பேசினால் அது புறம். ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் அனுமதியின்றி அச்சில் ஏற்றக் கூடாது. ஆனால், இந்த அச்சத்தால் உண்மையையே எழுதாமல் விட்டுவிடக் கூடாது. தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் பள்ளிப் படிப்புப் படித்தவர், வியாபாரி. தம் கடலோரக் கிராமத்துப் பெரிய வீட்டின் ஆதிக்கத்தையும் அறியாமையையும் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் மறைக்காமல் எழுதினார். 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். நம்மவர் வாழ்க்கையை நம்மவரே எழுதினால்தான் அது சரியாகப் பதிவாகும்.

முதல் வஹீயே ஓதச் சொல்கிறது, எழுதுகோலையும் குறிப்பிடுகிறது. அந்த எழுதுகோலை நம் வீட்டிலும் எடுப்போம். டிரஸ்ட் கூடத்தை இதற்குத் தர நாங்கள் தயார். வயது, படிப்பு எதுவும் தடையில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்து வாருங்கள். தேர்ந்தவற்றை, எழுதியவர் சம்மதத்துடன் இந்த இதழில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.