ஓட்டிப் பார்த்த கார்

மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கச் செல்லும் உழவர், கண்ணில் பட்ட காளைக்கு உடனே விலை பேசுவதில்லை. முதலில் எட்ட நின்று அதன் நடையைப் பார்ப்பார். பின்பு அருகில் சென்று பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிவார், சுழி பார்ப்பார், குளம்பைத் தட்டிப் பார்ப்பார். இவ்வளவும் பார்த்த பின்னரும் ஐயம் நீங்காதாயின், வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. அதன் பிறகே துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசும் பேச்சுத் தொடங்கும். திண்டுக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்த எனக்கு இக்காட்சி புதியதன்று. சிறுவனாக இருந்தபோது தந்தையாருடன் பலமுறை அச்சந்தைக்குச் சென்றிருக்கிறேன். ஆனால், நான்கு கோடி ரூபாய் விலையுள்ள ஒரு காரை வாங்கலாமா, வேண்டாவா என்று முடிவு செய்யவும் அந்தச் சந்தைப் பழக்கம் துணை நிற்கும் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

என் தமையனாரின் மகன் திண்டுக்கல்லுக்கு அருகில் சிறியதொரு நூற்பாலை நடத்தி வருகிறான். தந்தையை இழந்த பிறகு ஆலையைத் தானே நிமிர்த்தியவன், உழைப்புக்கு அஞ்சாதவன். அவனுக்கு இளமை முதலே ஓர் ஆசை இருந்தது. சூப்பர் கார் என்று உலகம் வழங்கும் மீவிரைவுக் கார் ஒன்றைத் தனக்கென வாங்கவேண்டும் என்பதே அது. கையிலிருந்த பணம் போதவில்லை. ஆலையின் பேரில் கடன் வாங்க அவனுக்கு மனமில்லை. தாடிக்கொம்புக்கு அருகில், குடகனாற்றங்கரையில் உள்ள பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றால் குறை நிரம்பும் என்று கணக்கிட்டான். அந்தத் தோப்பு அவன் பாட்டனார் கன்று நட்டு, ஏற்றம் இறைத்து உண்டாக்கியது. அவன் தாயார், அதாவது என் அண்ணியார், மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மட்டும் அழைத்து, “தம்பி, அவன் காரை ஓட்டிப் பார்க்கும்போது நீங்களும் உடன் இருங்கள்” என்றார்.

குறித்த நாளில் கார் வந்தது. தானே ஓடி வரவில்லை. சென்னையிலிருந்து ஒரு லாரியின் முதுகில் ஏறிப் போர்வை போர்த்துக்கொண்டு வந்தது! மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்ல வண்டியை லாரி சுமந்து வருவதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். போர்வையை நீக்கியதும், உள்ளபடியே வியந்து நின்றேன். அதன் கூரை என் மார்பளவுதான் இருந்தது. நிலத்தைத் தழுவிப் பாயக் காத்திருக்கும் வேங்கையைப் போல அது படுத்திருந்தது. எஞ்சின் முன்புறம் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. கனமான எஞ்சின் வண்டியின் நடுப்பகுதியில் அமைந்தால், வளைவில் திரும்பும்போது வண்டி தடுமாறாது. பின் சக்கரங்களும் தரையை அழுந்தப் பற்றும். பந்தயக் கார்களில் கையாண்ட இம்முறையை 1966ஆம் ஆண்டு லம்போர்கினி நிறுவனம் தன் மியூரா என்னும் காரில் அமைத்துச் சாலைக்குக் கொண்டுவந்தது. சூப்பர் கார் என்னும் இனமே அதிலிருந்துதான் தொடங்கிற்று என்பார் பலர்.

இங்கே ஒரு செய்தி. அந்நிறுவனத்தை நிறுவிய பெரூச்சியோ லம்போர்கினி இத்தாலிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் அவர் செய்து விற்றவை உழவுக்குரிய டிராக்டர்கள். 1963ஆம் ஆண்டில்தான் கார்த் தொழிலில் இறங்கினார். அவருடைய கார்களின் சின்னம் ஒரு காளை. மாட்டுக்கு மாற்றாக டிராக்டரைக் கொடுத்தவர், காருக்கு மாட்டையே சின்னமாக வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காரில் இருவருக்கே இடம். விற்பனையாளர் பக்கத்தில் அமர, தம்பி ஓட்டினான். நான் என் பழைய காரில் பின்தொடர்ந்தேன். பின்தொடர்ந்தேன் என்பது பெயரளவுக்குத்தான். மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் ஏறியதும், ஒரு முழக்கம் கேட்டது; அடுத்த கணம் அந்தக் கார் ஒரு புள்ளியாகிவிட்டது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அது மூன்று நொடியில் எட்டும் என்றார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால், அக்கல்லும் அந்த வேகத்தைப் பெற ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். கீழ்நோக்கி விழும் கல்லின் வேகத்தை, சமதரையில் மனிதனுக்கு ஊட்டுகிற கருவி அது என்று எண்ணிப் பாருங்கள்!

அம்பாத்துரைக்கு அருகில் அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். “சித்தப்பா, நீங்களும் ஏறிப் பாருங்கள்” என்றான் தம்பி. விற்பனையாளர் இறங்கி இடம் கொடுத்தார். காருக்குள் ஏறினேன் என்பதைவிட இறங்கினேன் என்பதே பொருந்தும், அவ்வளவு தாழ்வு. இடப்புறம் சிறுமலை நீலமாக நின்றது. மேற்கே தொலைவில் கொடைக்கானல் மலைத்தொடர் மங்கலாகத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் முழங்க, உடம்பு இருக்கையோடு அழுந்தியது. மறைப்பானேன்? எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. அறுபது வயதைக் கடந்தவன் சிறுவனைப்போலச் சிரித்தேன். அந்தக் கருவியைப் படைத்த பொறியாளரின் திறமையைக் குறை கூறுவோர் அதில் ஒருமுறை அமர்ந்து பார்க்கவேண்டும்.

சின்னாளபட்டியை நெருங்கியபோது, சாலையின் நடுத்திட்டில் இருந்த இடைவெளி வழியே ஒரு மொபெட் குறுக்கே வந்தது. இருபுறமும் சிறுமலை வாழைத்தார்கள் தொங்கின. ஓட்டி வந்த முதியவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. தம்பி பிரேக்கை அழுத்தினான். கார் நிலத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. முதியவருக்கும் எங்களுக்கும் இடையே இன்னும் நெடுந்தொலைவு இருந்தது. “பார்த்தீர்களா சித்தப்பா, என்ன பிரேக்!” என்றான். உண்மைதான். அப்போது நாங்கள் 90 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தோம். நான் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன். ஆசிரியனாக இருந்தவனுக்கு அது விடாத பழக்கம்.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தோடு நேராக வளர்வதில்லை. வேகத்தின் இருமடியாக வளர்கிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்துவதற்கு வேண்டிய தொலைவும் நான்கு மடங்காகும். உலர்ந்த நல்ல சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்குமானால், 120 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 80 மீட்டர் வேண்டும். 240 கிலோமீட்டர் வேகத்தில் 320 மீட்டர் வேண்டும். பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி தாமதித்தாலும், அந்த ஒரு நொடியில் கார் 67 மீட்டர் ஓடிவிடும். வாழைத்தார்க்காரர் 300 மீட்டருக்கு அப்பால் சாலையில் இறங்கியிருந்தாலும், அந்த வேகத்தில் வந்த காருக்கு நிற்க இடம் இருந்திராது. சிறந்த பிரேக் அத்தொலைவைச் சற்றுக் குறைக்கும். இருமடிக் கணக்கை மாற்றாது.

காற்றின் கணக்கு இதனினும் கடுமையானது. வேகம் இரட்டித்தால், காற்றைப் பிளந்து செல்ல வேண்டிய திறன் எட்டு மடங்காகும். 2005ஆம் ஆண்டு வெளிவந்த புகாட்டி வேய்ரான் என்னும் கார் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிற்று. அதற்காக 16 சிலிண்டர்களும் 1001 குதிரைத்திறனும் அதில் அமைக்கப்பட்டன. எழும் வெப்பத்தைத் தணிக்கப் பத்து ரேடியேட்டர்கள் வைக்கப்பட்டன. உச்ச வேகத்தில் அதன் 100 லிட்டர்ப் பெட்ரோலும் ஏறத்தாழ 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்நேரத்தில் அது கடக்கும் தொலைவு 80 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் நிரப்பிய எண்ணெய் ஏறத்தாழ கரூர் போய்ச் சேரும் அளவிலேயே தீர்ந்துபோகும்.

நகருக்குத் திரும்பினோம். தம்பி காரைத் தன் வீட்டுத் தெருவுக்கே கொண்டுசென்றான். விலை பேசுமுன் மாட்டை நம் தொழுவத்து வாயிலில் நடத்திப் பார்ப்பது போன்றதுதான் இதுவும். தெருமுனையில் ஒரு வேகத்தடை. வேகத்தடையின் உயரம் 10 செண்டிமீட்டர் இருக்கவேண்டும் என்று இந்தியச் சாலைக் கழகம் வரையறுத்துள்ளது. எங்கள் தெருவாசிகள் அவ்விதியைக் கேட்டுவிட்டுக் கட்டவில்லை. காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. விற்பனையாளர் ஒரு பொத்தானை அழுத்தினார்; காரின் மூக்குச் சில செண்டிமீட்டர் உயர்ந்தது. அப்படியும், தெருப்பிள்ளைகள் இருபுறமும் குனிந்து, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று வழிகாட்ட, அந்த வேங்கை ஆமையாய் ஊர்ந்து, நடுவயிறு ஒருமுறை உரசிய பிறகே உள்ளே வந்தது.

அண்ணியார் திண்ணையிலிருந்து எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். “அழகாகத்தான் இருக்கிறது. பழனிக்குப் போவதென்றால் நீயும் உன் மனைவியும் ஏறிக்கொள்வீர்கள். பிள்ளைகள்?” என்றார். தம்பி விடை சொல்லவில்லை.

அன்றிரவு அவன் கணக்குப் புத்தகத்தோடு என்னிடம் வந்தான். வெளிநாட்டில் முழுமையாகச் செய்து முடித்து இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்கு நம் நாட்டில் பல ஆண்டுகளாகச் சுங்க வரியே காரின் விலைக்கு ஈடாக இருந்துவந்தது. நான்கு கோடியில் காருக்காகக் கொடுப்பது பாதிக்கும் குறைவு. பதிவு வரி தனி. ஆண்டுதோறும் காப்பீட்டுக் கட்டணம் உண்டு. பழுது பார்க்க மீண்டும் லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பவேண்டும். யானையை வாங்குவது ஒன்று; அதைக் கட்டித் தீனி போடுவது மற்றொன்று. இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

“சித்தப்பா, ஜி. டி. நாயுடுவைப் பற்றி நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? அவரும் ஆசைப்பட்டுத்தானே வாங்கினார்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்த நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். வாங்கப் பணமில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஏறி ஊர்வலம் போகவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் பரப்பி, மீண்டும் பொருத்திப் பார்த்தார். அதுவே அவர் பயின்ற பொறியியற் கல்லூரி. 1920ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். பழனி இன்று நம் திண்டுக்கல் மாவட்டத்து ஊர். முருகனைக் காணப் புறப்பட்ட மக்கள் அவர் பேருந்தில் ஏறினார்கள். அந்த ஒரு பேருந்து, பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

“ஆம் தம்பி, அவரும் ஆசைப்பட்டுத்தான் வாங்கினார். ஆசை தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் வாங்கியதை அவரே கழற்றிப் பார்த்தார். நீ வாங்கப்போவதன் மூடியைத் திறக்கவும் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும். அவர் பேருந்துக்குப் பழனிச் சாலை ஏற்றதாக இருந்தது. இதற்கு நம் தெரு ஏற்குமா என்று நீயே பார்த்தாய்” என்றேன்.

அவன் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறதே, அங்கே கட்டணம் செலுத்தி ஓட்ட வாய்ப்பிருக்கும் அல்லவா?” என்றான். அங்கே குறுக்கே யாரும் வாழைத்தார் கொண்டுவர மாட்டார்கள் என்றேன். சிரித்துவிட்டான்.

மறுநாள் விடியற்காலையில் கார் போர்வையைப் போர்த்துக்கொண்டு லாரியில் ஏறிற்று. தம்பி தெருமுனை வரை உடன் நடந்து சென்று, அது பெருஞ்சாலையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோப்புக்குப் போனான்; அன்று தேங்காய் வெட்டு.